முதுமையில் மூளைக்கு வளமான சூழல்: வீட்டில் அமைக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பணி ஓய்வு பெற்ற தந்தையோ, முழங்கால் வலியால் வெளியே போவதை நிறுத்திவிட்ட தாயோ கூடத்து நாற்காலியில் அமர்ந்தே நாளைக் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேளைக்கு உணவு வருகிறது, மாத்திரை வருகிறது, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் எல்லோரும் அன்பாகவே இருக்கிறார்கள். ஆனாலும் ஓரிரு ஆண்டுகளில் அவருடைய பேச்சு குறைகிறது, தெரிந்தவர்களின் பெயர்கள் நழுவுகின்றன, புதிதாக எதைச் சொன்னாலும் "எனக்கு எதற்கு அது" என்கிறார். வயதானால் அப்படித்தான் என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம். வயதுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு என்பதை அறுபது ஆண்டுகளுக்கும் மேலான மூளை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அவற்றை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண வீட்டில் எந்த வரிசையில் என்ன செய்யலாம் என்பதை, இத்துறையை இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பெரிய கூண்டும் அதற்குள் சிறிய கூண்டும்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் டொனால்டு ஹெப், ஆய்வகத்து எலிகள் சிலவற்றைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று செல்லப்பிராணிகளாக வளர்த்தார். வீட்டில் ஓடித்திரிந்த எலிகள், கூண்டிலேயே வளர்ந்தவற்றைவிடப் புதிர்ப்பாதைச் சோதனைகளில் நன்றாகச் செயல்பட்டன என்பதை அவர் 1947இல் பதிவுசெய்தார். அதை முறையான சோதனையாக வளர்த்தெடுத்தவர்கள், 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெச், எட்வர்டு பென்னட், மரியன் டயமண்ட் ஆகிய நால்வர்.

அவர்களுடைய ஏற்பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வீட்டில் நாம் செய்யப்போவதற்கான அளவுகோல் அதிலேயே இருக்கிறது. வழக்கமான கூண்டில் மூன்று எலிகள் இருந்தன. வறிய கூண்டில் ஒரே ஒரு எலி, தனியாக. வளமான கூண்டு பெரியது. அதில் 12 எலிகள் ஒன்றாக வாழ்ந்தன, ஏறவும் நுழையவும் உருட்டவும் பொருள்கள் இருந்தன. 25 பொருள்கள் கொண்ட ஒரு தொகுப்பிலிருந்து ஒவ்வொரு நாளும் சிலவற்றை எடுத்து மாற்றி மாற்றி வைத்தார்கள். உணவும் நீரும் எல்லா எலிகளுக்கும் ஒன்றுபோலவே கிடைத்தன. சில வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, வளமான கூண்டில் இருந்த எலிகளின் மூளைப்புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, கூடுதல் எடையோடும், சில பகுதிகளில் 6 சதவீதம் அளவுக்குக் கூடுதல் தடிமனோடும் இருந்தது. மூளையின் வடிவம் அனுபவத்தால் மாறும் என்பதைப் பலர் நம்ப மறுத்த காலம் அது.

பிறகு 1975இல் இதே ஆய்வு மரபில் வந்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வளமான பெரிய கூண்டுக்குள்ளேயே சிறிய கம்பிக் கூண்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் எலியை விட்டார்கள். சுற்றிலும் மற்ற எலிகள் ஏறுவதையும் விளையாடுவதையும் அந்த எலியால் பார்க்க முடியும், கேட்க முடியும், மோந்தறிய முடியும்; தொட்டுச் செய்ய மட்டும் முடியாது. பெரிய கூண்டில் ஓடியாடிய எலிகளின் மூளையில் உண்டான மாற்றம், பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த எலிகளின் மூளையில் உண்டாகவில்லை. கூடத்து நாற்காலியில் அமர்ந்து, வீட்டில் நடக்கும் அனைத்தையும் பார்த்துக்கொண்டு, எதிலும் கைவைக்காமல் இருக்கும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். அவரைச் சுற்றி எவ்வளவு கலகலப்பு இருந்தாலும், அவர் சிறிய கூண்டுக்குள்தான் இருக்கிறார். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அவரை அங்கிருந்து வெளியே அழைத்து வருவதற்கானவையே.

மூளைக்குள் மாறுவது என்ன

முதுமையில் மூளையின் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நோயற்ற இயல்பான முதுமையில் பெரும்பாலான பகுதிகளில் அப்படி நடப்பதில்லை. முக்கியமாகத் தேய்வது, ஒரு நரம்பணு மற்றொன்றோடு பேசும் இணைப்புகள். ஒவ்வொரு நரம்பணுவிலிருந்தும் மரக்கிளைகள்போல இழைகள் பிரிகின்றன. அந்த இழைகளின்மேல் முட்கள்போல நுண்ணிய புடைப்புகள் இருக்கின்றன. இணைப்புகளில் பெரும்பகுதி அந்த முட்களின் நுனியில்தான் அமைகிறது. வயது முதிர்ந்த குரங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், முன்மூளைப் புறணியில் மெல்லிய முட்களே அதிகம் குறைவதைக் காட்டின. புதியதைக் கற்கும்போது உருவாகி, தேவைக்கேற்ப மாறக்கூடியவை அந்த மெல்லிய முட்கள்தாம். பழைய நினைவுகள் உறுதியாக இருக்க, காலையில் கேட்ட செய்தி மாலையில் நழுவிப்போவதற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

வளமான சூழல் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரீனோ குழுவினர், சிக்கலான சூழலில் வளர்ந்த எலிகளின் நரம்பணுக் கிளைகள் கூடுதலாகப் பிரிந்திருப்பதையும், ஒரு நரம்பணுவுக்கான இணைப்புகளின் எண்ணிக்கை உயர்ந்திருப்பதையும் 1970கள் முதல் 1980கள் வரை அடுத்தடுத்துக் காட்டினார்கள். இதில் பி.டி.என்.எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. உடல் இயங்கும்போதும் மூளை புதியதைக் கற்கும்போதும் அது கூடுதலாகச் சுரந்து, இணைப்புகள் உருவாகவும் நிலைக்கவும் துணைசெய்கிறது.

இளம் எலிகளுக்கு இது பொருந்தும், முதிய மூளைக்குமா என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. மரியன் டயமண்ட் 1985இல் அதற்கு விடை தந்தார். 766 நாள் வயதான எலிகளை வளமான கூண்டில் விட்டு, 904 நாள் வரை வைத்திருந்து ஆராய்ந்தபோது, அந்த முதிய வயதிலும் அவற்றின் மூளைப்புறணி, ஒத்த வயதுடைய மற்ற எலிகளைவிடத் தடித்திருந்தது. எலிக்கு அது தள்ளாத வயது. 1998இல் கெர்ட் கெம்பர்மனும் ஃபிரெட் கேஜும், 18 மாத வயதான சுண்டெலிகளை வளமான சூழலுக்கு மாற்றியபோது, நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவது அதிகரித்ததைக் கண்டார்கள். தொடங்குவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று வருந்தும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு ஆய்வுகளைத்தான்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெற்றுக் கூண்டில் மூன்று எலிகளை அடைத்து வைப்பது, எலியின் இயற்கை வாழ்வோடு ஒப்பிட்டால் கடும் வறுமை. 'வளமான' கூண்டுகூட வயல்வெளி எலியின் வாழ்வுக்கு ஈடாகாது. ஆகவே இந்த ஆய்வுகள் மூளையைச் சாதாரண நிலைக்கு மேலே தூக்கிவிடும் மாய வழி எதையும் காட்டவில்லை. வறுமை என்ன செய்யும், அதை நீக்கினால் எவ்வளவு மீளும் என்பதையே காட்டுகின்றன. நாள்தோறும் சந்தைக்குப் போய், பத்துப் பேரிடம் பேசி, பேரன் பேத்திகளோடு மல்லுக்கட்டி வாழும் முதியவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

மனிதர்களில் கிடைத்த சான்றுகள்

எலிகளைப்போல மனிதர்களைக் கூண்டில் பிரித்து வைக்க முடியாது என்பதால், மனிதர்களைப் பற்றிய சான்றுகள் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்று, வாழ்க்கை முறையைக் கவனித்துப் பின்தொடர்வது. நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நமக்கு அருகில், ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிடச் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. நடனம் ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் நடனம் ஆட முடிந்ததா என்பதை முழுமையாகப் பிரிக்க முடியாது.

அதனால் இரண்டாம் வகை, அதாவது குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் சோதனைகள், கூடுதல் மதிப்புடையவை. அவற்றை அந்தந்தப் படியிலேயே சொல்கிறேன். பல வழிகளை ஒன்றாகச் சேர்த்த சோதனையாகப் பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு புகழ்பெற்றது. 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதியழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது, பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற மறுபாதியினரைவிட அவர்களுடைய அறிவாற்றல் மேம்பட்டது. முடிவுகள் 2015இல் வெளியாயின.

முதற்படி: காதும் கண்ணும் மருத்துவரும்

சூழலை எவ்வளவு வளப்படுத்தினாலும் அது உள்ளே போகும் வாசல்கள் அடைத்திருந்தால் பயனில்லை. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன், காதையும் கண்ணையும் சோதியுங்கள். கண்புரை இருப்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் கவனித்துவிடுகின்றன. காது மந்தமாவதைக் கவனிப்பதில்லை. "அப்பா முன்போலப் பேசுவதில்லை, எதிலும் கலந்துகொள்வதில்லை" என்று சொல்லப்படும் பல வீடுகளில், அவருக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது புரியவில்லை, திரும்பத் திரும்பக் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் ஒதுங்கிவிட்டார் என்பதே உண்மையாக இருக்கக்கூடும். மறதிநோயின் தடுக்கக்கூடிய காரணிகளாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14இல் கேட்கும் திறன் குறைவும் பார்வைக்குறைவும் இருக்கின்றன. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் நடந்து 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில், காதுக் கருவி பொருத்தியதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்மை கிடைக்கவில்லை. ஆனால் நினைவுத் தேய்வுக்கான அபாயம் ஏற்கெனவே அதிகமாக இருந்த பிரிவினரில், மூன்று ஆண்டுகளில் அறிவாற்றல் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்தது.

மருத்துவரிடம் போகும்போது குருதியழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பி12 குறைவு, குறிப்பாகச் சைவ உணவு உண்ணும் முதியவர்களிடம், மறதியைப்போலவே தோன்றும். அதைச் சரிசெய்யவும் முடியும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் சில பழைய வகை மாத்திரைகளும் முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். மனச்சோர்வும் அப்படியே, அதற்கும் சிகிச்சை உண்டு.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு நாள்களுக்கு, அவர் எழுந்தது முதல் படுக்கும் வரை என்ன செய்தார் என்பதை மணி வாரியாகக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதினால் போதும். கை கால் இயங்கியதா? யாரோடாவது பேச வேண்டியிருந்ததா? தெரியாத ஒன்றை யோசிக்க வேண்டியிருந்ததா? பெரும்பாலான நோட்டுகளில் மூன்றாம் கேள்விக்கான பத்தி வெறுமையாக இருக்கும். அதுவே நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம்.

மூன்றாம் படி: பறித்த வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள்

என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, நாங்கள் சமையலுக்கு ஆள் வைத்தோம். "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லாத நாளில்லை. அன்பினால்தான் சொன்னோம். ஆனால் சமையல் என்பது ஒரு மூளைக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எந்தக் காய் முதலில் வாடும், உலை கொதிப்பதற்குள் எதை நறுக்கி முடிக்கலாம், மாவு புளிக்க இன்றைய வெயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று திட்டமிடலும் நினைவும் மணமும் தொடுகையும் ஒன்றாகச் சேர்ந்த வேலை அது. நாங்கள் அதை ஒரே வாரத்தில் அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். ஆறு மாதத்தில் அவர் "இன்றைக்கு என்ன கிழமை" என்று கேட்கத் தொடங்கினார். கிழமையை நினைவில் வைத்திருக்க அவருக்குத் தேவையே இல்லாமல் போயிருந்தது.

திருப்பிக் கொடுக்கும்போது முழுச் சுமையையும் கொடுக்க வேண்டாம். முடிவெடுக்கும் பகுதியைக் கொடுங்கள். நறுக்குவதையும் தூக்குவதையும் வேறொருவர் செய்யட்டும். வாரத்துக்கான காய்கறிப் பட்டியலை அவர் போடட்டும், பால் கணக்கை அவர் பார்க்கட்டும், மின்கட்டணத் தேதியை அவர் நினைவூட்டட்டும். தவறு வந்தால் வரட்டும். உப்புக் கூடிய ஒரு நாள் குழம்பு பெரிய இழப்பு இல்லை. உப்புப் போடும் உரிமையை எடுத்துவிடுவதுதான் இழப்பு. அடுப்பை அணைக்க மறப்பது, பண விவகாரத்தில் ஏமாறுவது போன்ற உண்மையான ஆபத்துகள் இருந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: நடை, கொஞ்சம் கொஞ்சமாக

55 முதல் 80 வயதுக்குட்பட்ட 120 பேரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், வாரத்துக்கு மூன்று நாள் நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகேம்பஸ் ஓராண்டில் சுமார் 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது 1.4 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. நமக்குப் பயன்படும் செய்தி அவர்கள் தொடங்கிய விதத்தில் இருக்கிறது. முதல் வாரம் பத்து நிமிடம் மட்டுமே நடந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினார்கள். வீட்டிலும் இதே கணக்கைப் பின்பற்றலாம். இதய நோயோ தலைசுற்றலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

ஆனால் நடையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்குக் கிரீனோ குழுவினரின் 1990ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று காரணம். சில எலிகளை ஓடவிட்டார்கள். வேறு சில எலிகளுக்குக் கயிற்றிலும் மெல்லிய சட்டத்திலும் தடைகளைக் கடக்கும் வித்தை பழக்கினார்கள். ஓடிய எலிகளின் சிறுமூளையில் குருதித் தந்துகிகள் அடர்ந்தன, இணைப்புகள் கூடவில்லை. வித்தை பழகிய எலிகள் அவ்வளவு தூரம் நடக்காவிட்டாலும் இணைப்புகளைப் பெற்றன. எளிமையாகச் சொன்னால், உடற்பயிற்சி வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிறது. நாற்று நடுவது கற்றலின் வேலை. இரண்டும் வேண்டும்.

ஐந்தாம் படி: கொஞ்சம் கடினமான புதிய கல்வி ஒன்று

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, பெரும்பாலான குடும்பங்கள் தவறு செய்வதும் இதில்தான். மூளைக்கு வேலை என்றதும் கைப்பேசியில் ஒரு விளையாட்டைப் பதிவிறக்கிக் கொடுத்துவிடுகிறோம். அத்தகைய விளையாட்டுகளில் பழகப் பழக அந்த விளையாட்டில் தேர்ச்சி வருகிறது. அன்றாட நினைவுக்கு அது பெரிதாகப் பரவுவதில்லை. நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் குறுக்கெழுத்துப் புதிரும் அப்படியே. அது இன்பம் தரும், செய்யட்டும். ஆனால் அதைக் கற்றல் என்று எண்ண வேண்டாம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயதுக்குட்பட்ட 221 பேரைப் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் டிஜிட்டல் ஒளிப்படக் கலையைக் கற்றார்கள், ஒரு பிரிவினர் ஒட்டுத்துணி மெத்தை தைக்கக் கற்றார்கள், ஒரு பிரிவினர் கூடிப் பேசினார்கள், சுற்றுலா போனார்கள், ஆனால் புதிதாக எதையும் கற்கவில்லை. இன்னொரு பிரிவினர் வீட்டில் எளிய புதிர்களும் இசையுமாக இருந்தார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். 2014இல் வெளியான முடிவின்படி, கடினமான புதிய திறனைக் கற்றவர்களுக்கே, குறிப்பாக ஒளிப்படம் கற்றவர்களுக்கு, நிகழ்வு நினைவு, அதாவது நடந்ததை நினைவில் வைக்கும் திறன், மேம்பட்டது. கூடிப் பேசியது மட்டும் போதவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? அவருக்கு ஏற்கெனவே பிடித்ததற்குப் பக்கத்தில் இருப்பதும், அவருக்குத் தெரியாததுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் அம்மா வாசலில் ஏழு புள்ளிக் கோலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். அந்தக் கோலத்தைப் போட அவருக்கு மூளையின் கவனம் தேவையே இல்லை. கை தானாகப் போடும். ஆகவே கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஊடுபுள்ளியாக 15இல் தொடங்கி 8 வரை வைக்கும் சிக்குக் கோலம் ஒன்றைப் பழகச் சொன்னோம். முழங்கால் மடங்காததால் தரையில் வேண்டாம், மேசையிலேயே போடலாம் என்றோம். சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, எங்கும் அறுபடாமல், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கோ ஒரு திருப்பத்தில் வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போய்விட்டால், அது அப்போது தெரியாது. கடைசியில் நான்கைந்து புள்ளிகள் சுற்றப்படாமல் தனியே நிற்கும்போதுதான் தெரியும். பிறகு பின்னோக்கிப் போய்ப் பிழையைத் தேட வேண்டும். முதல் வாரம் நோட்டை இரண்டு முறை மூடி வைத்துவிட்டார். அடுத்த வாரம் 9 புள்ளிக்கு இறக்கிக்கொண்டோம். மூன்றாவது வாரம் அவரே 11க்குப் போனார்.

கடினம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே என் அளவுகோல். பத்து முறை முயன்றால் ஏழு முறையாவது ஓரளவு வர வேண்டும், மூன்று முறை தவற வேண்டும். எப்போதும் வந்தால் எளிது, எப்போதும் தவறினால் அவமானம். பேத்தி கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது, மகனும் மகளும் கற்றுக்கொடுப்பதைவிட அதில் கோபம் குறைவு. புதிய மொழியின் எழுத்து, வீணை, தையல், தோட்டத்துச் செடிகளின் ஒட்டுக்கட்டுதல், சதுரங்கம் எதுவாகவும் இருக்கலாம். வாரத்துக்கு 15 மணி நேரம் என்பது ஆய்வின் அளவு. வீட்டில் நாளுக்கு அரை மணி நேரத்தில் தொடங்கி, ஆர்வம் பிடித்த பிறகு கூட்டலாம்.

ஆறாம் படி: ஆட்கள்

வளமான கூண்டில் 12 எலிகள் இருந்ததை மறக்க வேண்டாம். குடும்பத்தினர் மட்டும் போதாது என்பது என் கருத்து. குடும்பத்தில் பேச்சு பெரும்பாலும் சாப்பாடு, மாத்திரை, தூக்கம் என்ற மூன்றுக்குள் சுற்றுகிறது. வெளியாரோடு பேசும்போதுதான் பெயரை நினைவுகூர வேண்டும், சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், மாற்றுக்கருத்துக்கு விடை சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அதற்கு வழிசெய்யுங்கள். நூலகம், கோயில் திருமுறை வகுப்பு, பூங்காவில் நடக்கும் நண்பர் கூட்டம் எதுவும் சரியே. அவர் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பாக இருந்தால் மிகச் சிறப்பு: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரிடம் தெருப் பிள்ளைகள் நால்வரை அனுப்பி வையுங்கள்.

எப்போது பயன் தெரியும், எப்போது நிறுத்தக் கூடாது

மூன்று மாதத்துக்குள் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் படியில் எழுதிய நோட்டை மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு வாரம் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் பத்தியில் வெற்றிடம் குறைந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். பெயர்கள் நினைவுக்கு வருவதைவிட, "நாளைக்கு என்ன செய்யலாம்" என்று அவரே கேட்கத் தொடங்குவது முதலில் தெரியும்.

ஜெர்மனியில் 60 வயதையொட்டியவர்களுக்குப் பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கற்றவர்களின் மூளையின் சில பகுதிகள் வளர்ந்தன; பயிற்சியை விட்ட பிறகு அந்த வளர்ச்சி மீண்டும் குறைந்தது. இது ஒரு முறை போட்டுக்கொள்ளும் தடுப்பூசி இல்லை, அன்றாடச் சோறு.

ஏற்கெனவே மறதிநோய் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்திருந்தால் இந்த வழிகாட்டியை அப்படியே பின்பற்றக் கூடாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய கணக்கீடு சொல்கிறது. ஆகவே இது அரிதான நிலை இல்லை. அவர்களுக்கு மாற்றம் குழப்பத்தையும் அச்சத்தையும் தரும். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள், புதிய கடினமான பாடம் எதையும் திணிக்காதீர்கள், "நினைவிருக்கிறதா" என்று சோதிக்காதீர்கள். பழகிய பாட்டு, பூத்தொடுப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது, பழகிய தெருவில் துணையோடு நடப்பது ஆகியவை அவர்களுக்கு வளமான சூழல். தெரிந்த தெருவில் வழி தவறுவது, பேசும் சொற்கள் வேகமாகக் குறைவது, குணம் திடீரென மாறுவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றவர்களுக்குக் கடைசியாக ஒரு படி உண்டு. பெர்க்லியில் ஒவ்வொரு நாளும் பொருள்களை மாற்றி வைத்தார்களே, அது. கற்ற திறன் எளிதாகிவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டும். எட்டு மாதத்தில் என் அம்மாவின் கை 15 புள்ளிச் சிக்குக் கோலத்தையும் தானாகப் போடத் தொடங்கிவிட்டது. கட்டம் போட்ட நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது. இப்போது கைப்பேசியில் தமிழ் தட்டச்சுப் பழகி, மதுரையில் இருக்கும் தம் தங்கைக்குச் சமையல் குறிப்புகளை எழுதி அனுப்புகிறார். மெய்யெழுத்துக்குப் புள்ளி எங்கே இருக்கிறது என்று இன்று காலையும் கேட்டார். அவராகவே தேடட்டும் என்று ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் பிறகுதான் காட்டினேன்.